திருத்தப்படாத பாடல்



இவ்வாரம் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். நமது கெடார் சபையின் அறுப்பின் பண்டிகை ஆராதனையை இளைஞர்கள் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டபோது, ஒரு கீர்த்தனையில் பின்வரிசைக் குரல்கள் தாளத்துக்குப் பிந்தி ஒலித்தன. "பாடகர் குழுவை மட்டும் வைத்து அதை மறுபடியும் பாடச் செய்து சேருங்கள்" என்று நான்தான் கூறினேன். அடுத்த ஞாயிறன்று வயது முதிர்ந்த தாயார் ஒருவர் பாடாமல் அமர்ந்திருந்தார். காரணம் வினவினேன். "பேரன் போட்டுக் காட்டினான். அதுல நாங்க யாருமே இல்லீங்களே, ஐயா" என்றார்.

பதிவு செய்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஓர் ஆங்கிலேய இசைக்குழுவின் பதிவைக் கேட்கத் தந்தார். யார்ட்பேர்ட்ஸ் என்னும் அக்குழு, அதிகம் அறியப்படாதிருந்த 1964-ஆம் ஆண்டில், லண்டனின் மார்க்கீ அரங்கில் மேடையிலேயே தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார் உருவாக்கிய புளூஸ் இசையே அவர்களுக்கு ஆதாரம். ஒலியில் துல்லியம் குறைவு. கூட்டத்தின் ஆரவாரமோ தெளிவாகக் கேட்கிறது. அந்தக் கூட்டத்தை நீக்கினால் அந்த இரவே நீங்கிவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு மேலான சான்று உண்டு. 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடினார். அந்தக் கச்சேரியின் பதிவு இன்றும் கேட்கப்படுகிறது. அதில் ராஜாஜி இயற்றிய ஆங்கில ஜெபப் பாடல் ஒன்று உண்டு. அதற்கு மேற்கத்திய முறையில் இசையமைத்தவர் சென்னை வானொலியைச் சார்ந்த ஹாண்டல் மானுவேல். பாவமன்னிப்பை வேண்டித் தொடங்கும் அப்பாடல், கர்நாடக இசையில் வளர்ந்த அம்மையாருக்குப் பழகிய துறையன்று. ஆயினும் பல தேசத்தார் முன்னிலையில் துணிந்து பாடினார். பாடியவரும் கேட்டவர்களும் ஓரிடத்தில் கூடியிருந்தார்கள் என்பதே அப்பதிவின் மதிப்பு.

"தேவனுக்குப் பழுதற்றதை அல்லவா செலுத்த வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே சனிக்கிழமைப் பயிற்சியை ஒருவரும் அசட்டை செய்யலாகாது. ஆனால் பாட்டைத் திருத்துவது வேறு. பாடுகிறவர்களை நீக்குவது வேறு. எஸ்றா 3-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது முதியோர் அழுதார்கள், மற்றோர் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது மகிழ்ச்சி என்று பகுத்தறிய முடியவில்லை. அந்தக் கலந்த சத்தத்தையே வேதம் நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

வயலில் களையெடுத்து, அறுத்து, தன் பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்த கைகளுக்குரியவரின் குரல், அறுப்பின் பண்டிகைப் பதிவில் இல்லையென்றால், அது யாருடைய பண்டிகை? வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அப்பதிவைக் கேட்பது இனிய இசைக்காகவா, தங்கள் தாயின் குரலுக்காகவா?

அந்தத் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பழைய பதிவையே மீண்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இருமலும் குழந்தையின் அழுகையும் அதில் அப்படியே இருக்கும். வருகிற ஞாயிறு, பின்வரிசையில் அமர்வோரே, நீங்கள் தயங்காமல் பாடுங்கள். முன்வரிசையில் நிற்கும் பாடகரே, அவர்கள் வந்து சேரும்வரை சற்றுக் காத்திருங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.