கோழியைக் கொல்றது மழை இல்ல

ஐப்பசி பொறந்ததும் அடைமழை பிடிச்சிருச்சு. நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கோழிக் கொட்டகையைச் சுத்தி நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏன்க்கான்னு கேட்டேன். "வாயில்லா ஜீவன் தம்பி, நனையுதுல்ல"ன்னாங்க.

மூணு வருஷம் முன்னாடி நானும் இதே பாவத்தைத்தான் பார்த்தேன். பதினோரு கோழி போச்சு.

எங்க பக்கம் முன்னல்லாம் கீத்துக் கொட்டகைதான். 2018 கஜா புயல்ல தென்னை மொத்தமும் சாஞ்சுது. கீத்துக்கு வழியில்லாம ஆளாளுக்குத் தகரம் போட்டோம். நானும் தகரம் போட்டு, மழைக்குச் சந்து பொந்தெல்லாம் தார்ப்பாய் வச்சு அடைச்சேன். நாலு நாள் விடாத மழை. மூணாம் நாள் கதவைத் திறந்தா நெடி கண்ணைக் கரிக்குது. தகரத்துக்கு அடியில வேர்த்து சொட்டுது. கீழ போட்ட உமி கூழாயிருச்சு. ரெண்டொரு நாள்ல குஞ்சுக ரத்தமா கழிய ஆரம்பிச்சுது. ரத்தக் கழிச்சல்னு சொன்ன கால்நடை மருத்துவர், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்துலதான் அந்தக் கிருமி பெருகும்னு விளக்கினார். அந்த நாலு நாளும் உள்ள அடையாம வேப்பமரத்துல ஏறி உக்காந்த ரெண்டு பெட்டைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல!

யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியம் இல்ல. கோழிக்கு வால் அடியில எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அலகால அதைத் தொட்டுத் தொட்டு இறகுல பூசிக்கும். தூறல் பட்டா உதறிட்டுப் போயிரும். மழை விட்டதும் ஈசலும் மண்புழுவும் தேடி அதுவே வெளிய ஓடும். குஞ்சு கதை வேற. அதுக்கு இருக்கிறது பஞ்சு முடிதான். நனைஞ்சா விறைச்சுப் போயிரும். இறகு முளைக்கிற வரைக்கும் அதைப் பஞ்சாரத்துல, காஞ்ச இடத்துல வச்சே ஆகணும்.

ஆக, பெரிய கோழிக்குக் கொட்டகை எதுக்கு? நான் சொல்றது இதுதான்: காஞ்ச தரைக்கும் ஓடுற காத்துக்கும். எச்சத்துல முக்கால்வாசி தண்ணி. ராத்திரி பூரா அது விடுற மூச்சிலயும் ஈரம். மூடிவச்சா அதெல்லாம் எங்க போகும்? வெளிய பெய்யிற மழையை விட, உள்ள நாம உண்டாக்குற ஈரம்தான் ஆளைக் கொல்லுது.

அதுக்காக மரத்துலயே விட்டுறவும் முடியாது. மரநாய் இருக்கு, புயல் இருக்கு. கஜாவுல மரமே நிக்கல. கூரை தொப்பி மாதிரி வேணும், சுவர் வலை மாதிரி வேணும். தரையை ஒரு முழம் மேடாக்கணும். கீழ ஒரு அடிக்குச் செங்கல், அதுக்கு மேல கம்பி வலை. தாழ்வாரம் மூணு அடி வெளிய நீட்டினா சாரல் உள்ள வராது. நம்ம ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்து பெரும்பாலும் வடகிழக்குல இருந்து வருது. அந்தப் பக்கம் மட்டும் சாக்குப் படுதா தொங்கவிடுங்க. அதுலயும் கூரைக்குக் கீழ ஒரு அடி திறந்தே கிடக்கணும். உமியைக் கையில அள்ளிப் பிடிங்க. கையை விரிச்சதும் உதிர்ந்தா நல்லது. உருண்டையா நின்னா கிளறி சுண்ணாம்புத் தூள் போடுங்க, இல்ல மாத்துங்க. பூஞ்சை பிடிச்ச சோளத்தை வீணாப் போகுதேன்னு கோழிக்குப் போடாதீங்க. அதுவும் விஷம்தான்.

இன்னொண்ணு. வெள்ளைக் கழிச்சல் வந்து செத்தாலும் மழை மேலதான் பழி போடுறோம். அது வைரஸ். எந்தக் கொட்டகையும் அதைத் தடுக்காது. ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து, எட்டாம் வாரம் றெக்கையில ஊசி, இது ரெண்டும்தான் தடுக்கும்.

எங்க ஊர்ல கோழி வித்த காசு பொம்பளைங்க கைக்காசு. பள்ளிக்கூட நோட்டுக்கும் அவசர மருந்துக்கும் யாரையும் கேக்காம எடுக்கிற காசு. பாசத்துல மூடிவச்சு அதைத் தொலைக்கிறோமேன்னுதான் ஆதங்கம்.

இன்னிக்குக் காலையில போயி அக்கா கட்டின தார்ப்பாயில மூணு பக்கத்தைச் சுருட்டி மேல கட்டிட்டு வந்தேன். "ஒரு கோழி செத்தாலும் நீதான் தம்பி குடுக்கணும்"ன்னாங்க.

சரிக்கான்னுட்டேன்.