சான்றிதழில் கையொப்பமிடுவது யார்?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் கண்டி நகரின் சுவர்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிலும் பட்டமளிப்பு அங்கி அணிந்த இளைஞர்களும் யுவதிகளும் பதாகைகளில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 'இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டுப் பட்டம்' என்று ஒன்று சொல்லும். 'இன்றே பதிவு செய்தால் கட்டணத்தில் கழிவு' என்று மற்றொன்று சொல்லும்.

அப்படிப்பட்ட நாளொன்றில், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகள் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத்தான் எட்டவில்லை. அவர் கையில் நகரிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் வழவழப்பான கையேடு இருந்தது. அதனுடன் ஒரு பத்திரிகைக் கட்டுரையின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது.

"பேப்பர்லயே எழுதியிருக்காங்க ஐயா. அதனாலதான் நம்பிக்கையா இருக்கு" என்றார்.

வாசித்துப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்விச் சிறப்பிதழுக்காக நானே எழுதிய கட்டுரை அது. என் பெயர் அதில் இல்லை. அந்த நிறுவனம் அன்று அரைப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. விளம்பரத்தோடு ஒரு கட்டுரையும் போடுவதாக விளம்பரப் பகுதியினர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தந்த குறிப்புகளைத் திருத்தி, நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிற்பகலை நம்பி ஒரு மனிதர், தம் மனைவி ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியை முழுவதுமாக அங்கே கட்டுவதற்கு ஆயத்தமாகியிருந்தார்.

இதை எழுதுவதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் 'கல்லூரி' என்ற சொல்லே ஒரு மயக்கம். 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரியும் 1887இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரியும் பாடசாலைகள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவை ஈட்டிய மதிப்பு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைத்தொகுதியின் மேல்மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்தவரும் அதே சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். 'கெம்பஸ்' என்றும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. கட்டடத்தையும் குளிரூட்டிய வரவேற்பறையையும் பார்த்தும் தீர்மானிக்க முடியாது.

கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றுதான்: படிப்பு முடிந்ததும் தரப்படும் சான்றிதழில் கையொப்பமிடுவது யார்?

'அரசாங்கப் பதிவு பெற்றது' என்ற வாசகம் எல்லாக் கையேடுகளிலும் இருக்கும். எந்தப் பதிவு என்று கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஓர் அச்சகமும் பதிவு பெறலாம். ஒரு பேக்கரியும் பெறலாம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு பெறுமதியானது. ஆனால் அது தொழிற்பயிற்சி நெறிகளுக்குரியது. அதை வைத்துக்கொண்டு எவரும் பட்டம் வழங்க முடியாது. உள்நாட்டில் பட்டம் வழங்கும் தகுதி, 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழோ தனியான வேறொரு சட்டத்தின் கீழோ கிடைத்திருக்க வேண்டும். பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று வழங்குவதாகச் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். ஒரு கடிதத்தின் செலவுதான்.

பட்டத்திற்கு அங்கீகாரம் இருந்தாலும் கதை அத்துடன் முடிவதில்லை. மாலபே சைட்டம் நிறுவனத்தில் மருத்துவம் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பட்டம் வழங்கும் தகுதியை அரசாங்கம் கொடுத்திருந்தது. ஆனால் வைத்தியராகத் தொழில் செய்வதற்கான பதிவைக் கொடுக்க வேண்டியது இலங்கை மருத்துவச் சபை. அது மறுத்தது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்று, 2017 ஜனவரியில் மாணவர் பக்கம் தீர்ப்பாயிற்று. அதை எதிர்த்து அரச மருத்துவபீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். ஈற்றில் 2018இல் அந்த நிறுவனம் மூடப்பட்டு, அங்கு படித்தவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இலட்சக்கணக்கில் பணம் கட்டிய பெற்றோர், அங்கீகாரம் ஒன்றல்ல, இரண்டு என்பதை மிகவும் பிந்தியே அறிந்தார்கள். மருத்துவம், சட்டம், பொறியியல், தாதியியல் எதுவாயினும், அந்தத் தொழிலுக்குரிய சபை இந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி பணம். முதல் தவணை எவ்வளவு என்பதைச் சொல்ல எல்லோரும் முந்துவார்கள். கடைசி ரூபாய் வரை எவ்வளவு என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம் பவுணிலா, ரூபாவிலா? 2022இல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்நியச் செலாவணியில் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த குடும்பங்களுக்குப் பாதி வழியில் படிப்பின் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியது.

மூன்றாவது, மொழி. தோட்டப்புறப் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். அங்கே விரிவுரை ஆங்கிலத்திலா? அப்படியானால் முதலாம் ஆண்டில் எத்தனை பேர் விலகினார்கள்? இந்தக் கேள்விக்கு வரவேற்பறையில் விடை கிடைக்காது. வாசலில் நின்று, இரண்டாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் தந்தையும் மகளும் நானுமாக அந்த நிறுவனத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். அதற்கு மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன். "அது ப்ரோசஸ்ல இருக்கு சேர். அடுத்த வருஷம் வந்திடும்" என்றார். அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டதற்கு, மேலாளரைப் பார்க்கச் சொன்னார். மேலாளர் அன்று கொழும்புக்குப் போயிருந்தார்.

வெளியே வந்தோம். "இதைக் கேக்கணும்னே எங்களுக்குத் தெரியாதே ஐயா" என்றார் தந்தை.

தெரியாதது அவர் பிழையன்று. லயத்தில் பிறந்து, குடும்பத்தில் முதலாவதாக உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டில் ஆளில்லை. பாடசாலையிலும் பெறுபேறு வந்தபின் விசாரிப்பாரில்லை. இந்த வெற்றிடத்தில்தான் பதாகைகள் பேசுகின்றன.

பதாகை வைக்காத இடங்களும் உண்டு. கண்டியில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே உயர் தேசிய டிப்ளோமா முழுநேரமாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் அது அரச பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. கைத்தொழிலில் நாட்டமுள்ளவனுக்கு என்.வீ.கியூ. தரச் சான்றிதழ் உண்டு. அதில் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இவற்றை விளம்பரப்படுத்த எந்தப் பத்திரிகையிலும் அரைப்பக்கம் வாங்கப்படுவதில்லை. ஆதலால் பலருக்குத் தெரிவதுமில்லை.

இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். இது சாதாரணதரம் முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு. பெரும்பாலான பல்கலைக்கழக நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் அனுமதி வழங்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று, கண்டி அல்ல. பிள்ளையின் மாவட்டம், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அது படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. புகழுள்ள பெயருக்காக எல்லை கடந்து கண்டிக்கு அனுப்புமுன், மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்த விதியை ஒருமுறை வாசியுங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் அனுப்பத்தான் வேண்டும். கணக்குத் தெரிந்து அனுப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தப் பெண் இப்போது கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கிறாள். எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத மாட்டேன். ஆங்கிலம் அவளை வாட்டுகிறது. முதல் பரீட்சையில் ஒரு பாடம் கைவிட்டுப் போயிற்று. தாயின் பணம் மட்டும் வங்கியில் இருக்கிறது.

கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் சிறுவயது முதல் அந்த மரங்களையும் மண்டபங்களையும் ஜன்னலோரமாகப் பார்த்து வளர்கிறார்கள். உள்ளே இறங்க வாய்க்காதவர்கள் அடுத்த தரிப்பில் எங்கே இறங்குவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். நான் அன்று அரைப்பக்கத்துக்கு எழுதியது அந்த வழியைச் சொல்லவில்லை. இன்று எழுதியிருப்பதையாவது யாரேனும் பிரதியெடுத்து, ஒரு தோட்டப் பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டினால் மகிழ்வேன். என் பெயர் அதில் வேண்டியதில்லை.