சபீர் பாட்டியா கதையில் காணாமல் போன ஆள்

தன்னம்பிக்கைப் பேச்சாளர் யார் கல்லூரி மேடை ஏறினாலும் சபீர் பாட்டியாவை இழுக்காம இறங்குறதில்லை. சண்டிகர்ல பிறந்த பையன், கையில சில நூறு டாலரோட அமெரிக்கா போனார், ஹாட்மெயில் ஆரம்பிச்சார், மைக்ரோசாஃப்டையே பேரம் பேச வெச்சார். "அவரால் முடிந்தது உன்னால் முடியாதா?" அரங்கமே கைதட்டும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஜாக் ஸ்மித்னு ஒருத்தர் இருந்தாரே, அவர் எங்கே போனார்?

ஹாட்மெயிலை ஆரம்பிச்சது ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே சொந்தத் தொழிலுக்குத் திட்டம் போட்டாங்க. ஆபீஸ் ஃபயர்வாலைத் தாண்டி சொந்த மெயிலைப் பார்க்க முடியலை. பிரவுசர்லயே மெயில் பார்த்தா என்னன்னு முதல்ல யோசிச்சது ஸ்மித். அதைத் தூக்கிக்கிட்டு முதலீட்டாளர்களோட மல்லுக்கட்டினது பாட்டியா. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் இல்லை.

பணம்? டிரேப்பர் ஃபிஷர் ஜர்வெட்சன் நிறுவனம் 3 லட்சம் டாலர் போட்டது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இலவச மெயிலுக்கு அழைக்கிற ஒரு வரி ஒட்டிக்கிட்டுப் போச்சே, அந்த யோசனை டிம் டிரேப்பருடையது. நண்பர்கள் ரெண்டு பேரும் முதல்ல தயங்கினாங்க. 1996 ஜூலை 4ல தொடங்கின சேவை, 1997 கடைசியில சுமார் 40 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டுக்குப் போனதுக்கு அந்த ஒரு வரி பெரிய காரணம்.

பாட்டியா சாதாரண ஆள்னு நான் சொல்ல வரலை. கால்டெக், ஸ்டான்ஃபோர்டு, ஆப்பிள்னு பார்த்தவர். பேரத்துல அசையாம நின்னவர். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சல்யூட். ஆனா அதே துணிச்சலோட, இந்தத் தடவை கையில காசும் பேரும் இருக்க, ஆர்ஸூ ஆரம்பிச்சார். 2001ல மூடியாச்சு. அரியானாவுல நானோ சிட்டின்னு ஒரு நகரமே கட்டப்போறதா அறிவிச்சார். அது எழும்பவே இல்லை. தன்னம்பிக்கை குறைஞ்சு போச்சா என்ன? சரியான கூட்டாளி, சரியான நேரம், சரியான முதலீடு எல்லாம் மறுபடி ஒரே இடத்துல கூடி வரலை. அவ்வளவுதான்.

மேடையில இதைச் சொன்னா கைதட்டல் கிடைக்காது. அதனால ஒரு தனி ஹீரோவைச் செஞ்சு நம்ம தலையில கட்டுறாங்க. விளைவு என்ன? தோத்துப்போற பையன், "எனக்குத்தான் நம்பிக்கை பத்தலை"ன்னு தன்னையே திட்டிக்கிறான். யோசனையைக் கேட்டு காசு போடுற ஆள் ஊர்ல ஒருத்தர்கூட இல்லையேன்னு அவன் கேட்கிறதே இல்லை.

அடுத்த தடவை யாராவது மேடையில பாட்டியா கதையை ஆரம்பிச்சா, கையைத் தூக்கி ஸ்மித்தைப் பத்திக் கேளுங்க மக்களே. அப்படியே, நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ராத்திரி முழுக்க கோடு எழுதினவன் ஒருத்தன், வைவால பேசி பேர் வாங்கினவன் இன்னொருத்தன்னு இருந்தா, அதையும் கொஞ்சம் யோசிச்சுக்கோங்க.