தாழ்ச்சி யாருக்குச் சொன்னது?

தாழ்ச்சியைப் பற்றி நம் கோவில்களில் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அதைக் கேட்டுத் தலை குனிகிறவர் யார்? பின்வரிசைக்காரர்தான். முன்வரிசையில் இருப்பவர், ‘நன்றாகச் சொன்னார் சாமியார், இந்த ஜனங்களுக்கு வேண்டியதுதான்’ என்று நினைத்தபடி வீட்டுக்குப் போய்விடுகிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் அருளுக்கு ‘கிராஸ்’ என்று பெயர், இலவசத்துக்கு ‘கிராத்துயி’. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. அரசாங்க ஆபீசில் இருந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஓய்வூதியம் நம் உரிமை, உழைத்ததற்கு வருவது. கருணைத் தொகை அப்படியல்ல. கொடுப்பவர் மனம் வைத்தால்தான் உண்டு. கடவுளின் அருள் இந்த இரண்டாவது வகை. நம்மில் பலர் அதை ஓய்வூதியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை நவநாள், இத்தனை ஒருசந்தி, வேளாங்கண்ணிக்கு இத்தனை முறை நடை, கோவிலுக்கு இத்தனை ஆயிரம் என்று பணிப்பதிவேட்டை நீட்டுகிறோம்.

லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயர் செய்ததும் அதுவே. வாரம் இரண்டு நாள் நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. கணக்கில் பிழையே இல்லை. ஆனாலும் கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர், காட்டக் கணக்கே இல்லாத அந்த வரிதண்டுபவர்தான்.

ஆக, தாழ்ச்சி என்பது தன்னைத் தாழ்வாக நினைப்பதல்ல. ‘என்னிடம் இருப்பது நான் சம்பாதித்ததல்ல’ என்று அறிவது. அப்படியானால் அதிகம் பெற்றவனுக்குத்தானே அது அதிகம் வேண்டும்?

நம் புதுச்சேரிக் கதையையே பாருங்கள். 1745-இல் அன்றைய சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறு பக்கம் மற்றவர்கள். எல்லோரும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் ஏன் என்று அவர்கள் போய்க் கேட்டார்கள். பெரிய சாமியார் இடிக்கச் சொன்னார். உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அன்று தாழ்ச்சி இல்லாதவர் யார்? நியாயம் கேட்டவரா, சுவருக்காகச் சண்டை போட்டவரா?

‘அது பழங்கதை’ என்பார்கள் சிலர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு எதிரான போராட்டம் நம் காலத்தில் நடந்ததுதானே. செத்த பிறகுமா சாதி?

பெரிய வியாழனன்று ஆண்டவர் சீடர்களைக் குனியச் சொல்லவில்லை. தாமே குனிந்து அவர்கள் கால்களைக் கழுவினார். தாழ்ச்சியைப் போதிக்க விரும்புகிறவர்கள் மேலிருந்து தொடங்கட்டும். கீழே இருப்பவருக்கு இனி வேறு பிரசங்கம் வையுங்கள்: ‘நிமிர்ந்து உட்கார், இந்த வீடு உனக்கும் இலவசமாகத்தான் தரப்பட்டது.’