இலக்கும் முறையும் நாட்கணக்கும்

நெல் மகசூலைப் பெருக்கவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் எவருக்கும் இல்லை. வழியைப் பற்றியே பேதம். இலாகா அதிகாரிகள் இத்தனை ஏகரா என்று இலக்கு வகுக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் சாகுபடி முறையைத் திருத்தித் தருகிறார்கள். வேலைகளை நாளறிந்து ஒழுங்கு செய்வதோ குடியானவர் பொறுப்பில் விடப்படுகிறது. இம்மூன்றும் தனித்தனியே நிற்கும்வரை ஒன்றும் முழுப் பயன் தராது.

திருந்திய நெல் சாகுபடி இதற்குத் தக்க உதாரணமாகும். 1983-ம் வருஷத்தில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலனியே என்னும் பாதிரியார் உருவாக்கிய இம்முறை, 2000-க்குப் பின் தமிழ்நாட்டிலும் பரவிற்று. ஏகராவுக்குச் சுமார் 3 கிலோ விதை. 14 நாள் வயதுள்ள இளநாற்று. குத்துக்கு ஒரு நாற்றாகச் சதுர நடவு. பத்து நாளைக்கு ஒருமுறை களைக்கருவி ஓட்டுதல். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுதல் ஆகியவை இதன் அங்கங்கள். இவற்றுட் பெரும்பாலானவை நாளுக்குக் கட்டுப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. நாற்றுத் தயாரான நாளில் வாய்க்காலில் நீரோ நடவுக்கு ஆளோ இல்லையாயின், முற்றிய நாற்றே வயலுக்குப் போகும். கயிறு பிடித்து நடாவிடில் களைக்கருவி குறுக்கும் நெடுக்கும் ஓடாது. பரப்பளவு ஒன்றையே கணக்கெடுத்தால் அவ்வயலும் இலக்கைச் சேர்ந்ததாகவே பதியப்படும். ஏடு நிறையும், களஞ்சியம் நிறையாது.

காவிரி டெல்டாவில் இக்குறை மேலும் தெளிவாகும். குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆயினும் 2022-ல் மே 24-ந் தேதியே அணை திறக்கப்பட்டது; 2024-ல் ஜூலை 28 வரை தாமதித்தது. நீர் வரும் நாள் இவ்வாறு முன்பின்னாகும்போது விதைப்பு நாளை மாத்திரம் மாற்றாதிருப்பது விவேகமன்று. நீர் வயலை எட்டும் நாளைத் தொடக்கமாகக் கொண்டு, பின்னோக்கி எண்ணி நாற்றங்கால் இடும் நாளையும், முன்னோக்கி எண்ணி களையெடுப்புக்கான நாட்களையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். தலைமடைக்கு ஏற்ற அட்டவணை கடைமடைக்கு ஒவ்வாது.

இத்தனை கணக்கும் சிறு குடியானவருக்குச் சுமையே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் வேண்டப்படுவது ஒரே ஒரு தாள். ஒவ்வொரு வேலைக்கும் குறித்த நாள் ஒரு பக்கம், நடந்த நாள் மறுபக்கம், கீழே கண்டுமுதல். எழுத இயலாதவருக்குக் கிராமத்து உழவர் குழுவோ இலாகாச் சிப்பந்தியோ எழுதித் தரலாம். அறுவடைக்குப் பின் அண்டை வயல்களின் தாள்களை ஒப்பிட்டால், எவ்வேலை தவறியது, ஏன் தவறியது என்பது விளங்கும். ஆள் கிடைக்கவில்லையெனில் நடவுக் குழுவை முன்கூட்டி அமர்த்துதல், களைக்கருவி போதவில்லையெனில் பொதுவில் வாங்குதல் என, ஒரு போகத்தில் ஒரு குறையையேனும் நீக்குவது சாத்தியமே.

ஆகவே, எத்தனை ஏகரா என்று கேட்பதை விட்டு, எத்தனை வயல்களில் எல்லா வேலைகளும் உரிய நாளில் நடந்தன என்று இலாகா கேட்பதே முறையாகும். குறைந்த எண்ணிக்கையை உள்ளபடி எழுதும் சிப்பந்தி கண்டிக்கப்படலாகாது. அவர் எழுதும் குறையே அடுத்த போகத்தின் திருத்தத்துக்கு வித்து. இவ்வாறு இலக்கும் முறையும் நாட்கணக்கும் ஒரே தாளில் கூடுமாயின், இலாகாவின் உழைப்பும் குடியானவரின் உழைப்பும் வீண்போகாவென்பது திண்ணம்.