கடல் கடந்த எஞ்சின்

டார்ஜிலிங் மலைப்பாதையின் 19ஆம் நெம்பர் நீராவி எஞ்சினுடைய விருத்தாந்தம் நம் தேசத்தார் ஊன்றிச் சிந்திக்கத் தக்கது. 1889ஆம் வருஷத்தில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனியாரால் செய்யப்பட்ட அது, இமயச் சரிவில் நெடுங்காலம் உழைத்தது. 1962இல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டுக் கப்பலேறிற்று. பின்னர் இந்தியானா மாகாணத்து ஹெஸ்டன் நீராவிக் காட்சிசாலையில் பல வருஷங்கள் ஓடாமலே கிடந்தது. ஆங்கில ரயில்வே நிர்வாகியான ஏட்ரியன் ஷூட்டர் 2002இல் அதை வாங்கி, இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று செப்பனிட்டு, ஆக்ஸ்போர்ட்ஷயரில் தமது சொந்த இருப்புப் பாதையில் மீண்டும் ஓட்டினார்.

இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் இத்தகைய எஞ்சின் சுமார் 15 டன் எடையே உள்ளது. ஒரு லாரியில் ஏற்றித் துறைமுகம் சேர்த்துவிடலாம். நூறு டன்னுக்கு மேற்பட்ட அகலப்பாதை எஞ்சினை அவ்வாறு எளிதில் அப்புறப்படுத்த முடியாது. ஆனால் வாங்குவோருக்குக் கிரயம் ஆரம்பச் செலவு மாத்திரமே. பாரந்தூக்கிக் கூலி, கப்பல் சத்தம், பாய்லர் பரீட்சை, தேய்ந்த குழாய்களை மாற்றுதல் எனச் செலவு தொடர்ந்து வளரும். அவ்வளவையும் பொறுத்து ஒரு பழைய யந்திரத்துக்கு உயிர் கொடுத்தவரை நாம் குறை கூறோம். குறை, அதன் அருமையறியாது விற்றவர்களுடையதே.

அவ்வினத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் மொத்தம் 34. அவற்றுள் அயல்நாடு போனது இது ஒன்றே. 1962இல் வேண்டாப் பொருளாகக் கருதி இதை விற்றோம். 37 வருஷங்கள் கழித்து, 1999இல், அதே மலைப்பாதையை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது. நம் பொருளின் மதிப்பைப் பிறர் சொல்லித்தானா நாம் அறிய வேண்டும்?

இனி அச்சமில்லை, சட்டம் இருக்கிறது என்று சிலர் சமாதானம் கூறலாம். நூறு வருஷத்துக்குக் குறையாத சரித்திரப் பொருள்களின் ஏற்றுமதியை 1972ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டம் தடுப்பது மெய்யே. ஆனால் மத்திய அரசாங்கத்தையும் அதன் அனுமதி பெற்ற அதிகாரிகளையும் அத்தடை கட்டுப்படுத்தாது. எஞ்சின்களுக்கு உடையவரோ ரயில்வே இலாகாவினர், அதாவது அரசாங்கத்தாரே! காவலனே விற்க உரிமை பெற்றிருக்கையில், பொதுஜன விழிப்பன்றி வேறு காவல் ஏது?

பழைய யந்திரங்களைப் பேணுதல் வீண் செலவு என்ற வாதமும் நிற்காது. நீலகிரி மலைப்பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது நமது பொன்மலைத் தொழிற்சாலை. நம்மவரிடம் திறமைக்குக் குறைவில்லை. நிர்வாகத்தின் உறுதியே வேண்டற்பாலது.

ஆகவே, எஞ்சியுள்ள ஒவ்வொரு பழைய எஞ்சினும் எங்கே, எந்நிலையில் இருக்கிறதென்ற ஜாபிதாவை ரயில்வே இலாகாவினர் பிரசுரிக்க வேண்டும். பார்லிமெண்டுக்கு முன்னதாக அறிவிக்காமல் எதனையும் விற்கவோ, நன்கொடையாக வழங்கவோ கூடாது. பாய்லர் வேலையில் தேர்ந்த முதிய தொழிலாளர் ஓய்வு பெறுமுன் இளைஞருக்கு அவ்வித்தையைக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். போன எஞ்சினைத் திரும்பக் கேட்பதைவிட, இருப்பவற்றை ஓடும் நிலையில் காப்பதே நமக்குக் கௌரவம்.