உடைந்த சில்லில் ஒரு சூரியன்



இந்த இதழின் சூரியக் கட்டுரையை மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தவன், பாதியில் பேனாவை வைத்துவிட்டுக் கதை கேட்கும் பிள்ளைபோல ஆகிவிட்டேன்.

சூரியனை அள்ளிப் பார்க்க முடியாது. ஆனால் அதிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. நம் தென்றல் போன்றதல்ல, மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டம். பெரும்பங்கு ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம், மற்றதெல்லாம் சிட்டிகை. 1969இல் நிலவில் இறங்கியவர்கள் கொடி நடுவதற்கு முன்பே ஓர் அலுமினியத் தாளை விரித்து, 77 நிமிடம் இந்தக் காற்றில் காயவைத்துச் சுருட்டி வந்தார்கள்.

நாசாவின் ஜெனிசிஸ் கலம் இதையே பொறுமையாகச் செய்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி (நம் சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா எல்-1 இருக்கும் அதே வட்டாரம்) சிலிக்கான், தங்கம், நீலக்கல், வைரப் பூச்சுத் தகடுகளை இரண்டு வருடத்துக்கு மேல் விரித்து வைத்தது. மொத்தமாகச் சிக்கியது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

2004 செப்டம்பர் 8. யூட்டா பாலைவனத்தின் மேலே, தகடுகளோடு பாராசூட்டில் இறங்கும் பேழையைக் கொக்கி போட்டுப் பிடிக்க ஹெலிகாப்டர்கள் காத்திருந்தன. பாராசூட் விரியவே இல்லை. அதை விரிக்கச் சொல்லும் உணர்கருவியைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள்! மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பேழை சேற்றில் குத்தியது. தகடுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகளாயின.

நான் பேனாவை வைத்தது இங்கேதான். வேகக் காற்று, மெதுக்காற்று, சூரிய வெடிப்பில் வரும் காற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தட்டு. ஒவ்வொரு தட்டின் தகடுகளும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் வேறு வேறு தடிமன். உடைந்தால் அடையாளம் தெரியட்டுமே என்று முன்கூட்டியே செய்த ஏற்பாடு. சேற்றிலிருந்து பொறுக்கிய சில்லின் தடிமனை அளந்தால் போதும், அது எந்தக் காற்றைப் பிடித்தது என்று சொல்லிவிடலாம். சேறு மேலே, சூரியத் துகள்களோ மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழத்தில் பத்திரமாக இருந்தன. அதிதூய நீரில் கழுவிக் கழுவி எடுத்தார்கள்.

சூரியனும் பூமியும் ஒரே பொருளால் ஆனவையா என்ற கேள்விக்கு 2011இல் விடை வந்தது. கனமான ஆக்சிஜன் வகைகளின் விகிதம் பூமியைவிடச் சூரியனில் சுமார் 6 சதவீதம் குறைவு. நைட்ரஜன்-15 சுமார் 40 சதவீதம் குறைவு. ஒரே மாவில் வார்த்த தோசைகள் என்று நினைத்திருந்தோம். மாவே வேறு போலிருக்கிறது.

காற்றில் இருப்பதெல்லாம் அப்படியே சூரியனில் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. இரும்பு, மக்னீசியம் போல எலெக்ட்ரானை எளிதில் இழப்பவை மெதுக்காற்றில் கொஞ்சம் முண்டியடித்து ஏறிவிடும். அந்த மிகையைக் கழிக்கும் கணக்கைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. கூடவே சில்லுகளின் படமும் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்